இல்லை என்றாலும் ஆமாம்தான்

வீட்டில் அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று வயதில், தூங்கு என்று சொன்ன அப்பாவிடம் எதற்கு என்று கேட்டு, அவர் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளுபடி செய்து, கடைசியில் அவரைத் தூங்கவைத்துவிட்டு எழுந்துபோய் விளையாடியவள் என்பது குடும்ப வரலாறு. பதினேழு வயதாகியும் அந்த வாய் ஒரு பிடிகூடக் குறையவில்லை. லிஃப்ட் பழுது பார்க்கும் அப்பா, ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் அம்மா, கூடவே இருக்கும் அத்தை என்று மூன்று நீதிபதிகளையும் தினமும் ஜெயித்துக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்டவள் பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரை எழுதி மாட்டிக்கொண்டாள்.

கட்டுரையைக் கேட்டது இலக்கிய டீச்சர். நல்ல மனுஷி, தங்கமான குணம், ஆனால் விடுமுறையில் உளப்பகுப்பாய்வு பற்றி ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார். அதிலிருந்து கதையில் வரும் குடை குடையாக இல்லை, ஏணி ஏணியாக இல்லை. சாவி வந்தால் சாவிக்குப் பின்னால் ஒரு பெரிய விவகாரம் இருந்தது. வகுப்பில் ஒரு நாவலைக் கொடுத்து, இதில் வரும் பையனின் மனத்தைப் பகுத்தாய்ந்து எழுதுங்கள் என்றார்.

நாவலில் வரும் பையனுக்குப் பதினைந்து வயது. அப்பா கப்பலில் போனவர், எப்போதாவது வருவார். அம்மா மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். ஒரு நாள் பட்டப்பகலில், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், பையன் எல்லாக் கதவுகளையும் கீலோடு கழற்றிக் கொண்டுபோய் மொட்டை மாடியில் அடுக்கிவிடுகிறான். கழிவறைக் கதவையும் விட்டுவைக்கவில்லை. ஏன் கழற்றினான் என்று எழுதியவர் கடைசிவரை சொல்லவில்லை. அவர் ஒரு வரி சொல்லித் தொலைத்திருந்தால் எத்தனையோ பேருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

டீச்சர் வகுப்பில் சொன்னதை மற்ற பிள்ளைகள் அப்படியே வாந்தி எடுத்தார்கள். மூடிய கதவு என்றால் தடை, தடை என்றால் அப்பா, கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பது அம்மா. எல்லோருக்கும் நல்ல மதிப்பெண். வக்கீல் மட்டும் நாவலை இரண்டாவது தடவை படித்தாள். படித்தபோது, பையன் எப்போது தன் அறைக்குள் போனாலும் அம்மா வெளியே நடையில் வந்து நிற்கிறாள் என்பது கண்ணில் பட்டது. துடைப்பத்தோடு நிற்கிறாள், துவைத்த துணியோடு நிற்கிறாள், ஒன்றும் இல்லாமலும் நிற்கிறாள். உடனே அவளுக்குக் குஷி பிறந்துவிட்டது. ஒரே மூச்சில் எழுதினாள்.

"அவன் அம்மா கதவுக்கு வெளியே நின்று அவன் மூச்சு விடுவதைக்கூடக் கேட்டுக்கொண்டிருந்தாள். கெட்ட எண்ணத்தில் இல்லை, அக்கறையில். அக்கறையோடு ஒட்டுக்கேட்பவளிடம் போய் என்னவென்று சண்டை போடுவது? நல்ல அம்மாவின்மேல் கோபப்பட ஒரு வழியும் கிடையாது. அதனால் அவன் கதவுகளின்மேல் கோபப்பட்டான்."

டீச்சர் இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பதினேழு வயதுப் பெண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அனுபவிக்காமல் எழுத முடியுமா? மீனைப் பற்றி நன்றாக எழுதிவிட்டால், எழுதியவனின் கழுத்தில் செவுள் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிற ஆட்கள் இவர்கள். புத்தகத்தைக் கவனமாகப் படித்தால் தெரியும் என்கிற சின்ன விஷயம், படிக்கச் சொல்லிக்கொடுக்கிறவருக்கே தோன்றவில்லை. கட்டுரையை எடுத்துக்கொண்டு நேராகப் பள்ளியின் மனநல ஆலோசகரிடம் போனார்.

ஆலோசகருக்கு முப்பது வயதுக்குமேல் இருக்காது. மெதுவான குரல், சுத்தமான மேசை, மேசைமேல் அழுகிறவர்களுக்கு என்று ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை. யார் என்ன சொன்னாலும் "ம்ம்ம்" என்பார். பிள்ளைகள் அவருக்கு உம்கொட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் வக்கீலை உட்காரவைத்து, இந்த வரிகளை எழுதும்போது என்ன உணர்ந்தாய் என்று கேட்டார். ஜாலியாக இருந்தது என்றாள். அதை எழுதிக்கொண்டார். வீட்டில் அம்மா எப்படி என்றார். அம்மா நல்லவள் என்று சொல்ல வாயெடுத்து, கட்டுரையில் இருக்கிற வார்த்தையும் அதுதான் என்று ஞாபகம் வந்து, பாதியில் நிறுத்தினாள். நிறுத்தியதையும் எழுதிக்கொண்டார்.

"எங்க அம்மா ஒட்டுக்கேக்கிற ஆளே இல்ல சார். ஷிஃப்ட் முடிச்சு வந்து படுத்தாங்கன்னா பக்கத்துல இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாங்க."

"ம்ம்ம். அவங்க தூங்கறது உனக்குக் கஷ்டமா இருக்கா?"

வக்கீலுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாள். சிரிப்பு ஒரு கேடயம் என்று அவர் விளக்கினார். அந்தப் பையனுக்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அவள் அடித்துச் சொன்னாள். அவ்வளவு வேகமாக மறுக்க வேண்டிய அவசியம் என்ன என்று அவர் அன்போடு கேட்டார். இல்லை என்றால் ஆமாம். கத்தினால் நிச்சயமாக ஆமாம். பேசாமல் இருந்தால் ரொம்ப ஆழமான ஆமாம். அப்பாவையும் அத்தையையும் மடக்கிப் பழகிய அவளுக்கு, இந்த நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு என்ற ஒன்றே கிடையாது என்று புரிய அரைமணி நேரம் ஆயிற்று.

இதோடு விட்டிருந்தால் அவள் அத்தையிடம் நடித்துக் காட்டிச் சிரித்துவிட்டு மறந்திருப்பாள். ஆனால் அவர் அம்மாவை வரச்சொன்னார். அம்மா காலை ஷிஃப்டை முடித்துவிட்டு, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளின் ஆவி இன்னும் முகத்தில் இருக்க, சீருடையோடு போனாள். ஆலோசகர் அந்த நாலு வரியை வாசித்துக் காட்டினார். உங்கள் பெண் எழுதியது என்றார். அது ஒரு நாவலைப் பற்றி என்பதையும் சொன்னாராம், ஆனால் அதைச் சொன்ன விதத்தில் அது ஒரு சின்ன சாக்கு மாதிரி ஆகிவிட்டது. அம்மாவின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். மகளுக்குத் தன்மேல் கோபம், அதைச் சொல்லக்கூட அவளுக்கு வழியில்லை.

இரவில் அம்மா வீட்டில் இருப்பது நல்லது என்று அவர் ஆலோசனையும் கொடுத்தார். பெண்ணுக்குத் தெரியாமல் அவளைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளவும் சொன்னார்.

அன்றைக்கு வந்த அம்மா வேறு ஆள். பழைய நாட்களைக் கிளற ஆரம்பித்தாள். இரண்டு வயதில் குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தபோது அத்தையிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போன நாள் ஞாபகம் வந்தது. துணி மடித்துக்கொண்டே அழுதாள். அப்படியானால் நான் ராப்பகலாகப் பார்த்துக்கொண்டதற்குக் கணக்கே இல்லையா என்று அத்தைக்கு ரோஷம் வந்து, ஒரு வாரம் அம்மாவிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. அப்பாவுக்கு யார் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த ஒரு வீட்டில், எங்கே பழுது எங்கே பழுது என்று எல்லோரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள்.

ஒரு சாயங்காலம் வக்கீல் தன் அறையில் படித்துக்கொண்டிருந்தாள். கதவுக்குக் கீழே இருந்த வெளிச்சத்தில் இரண்டு கால்களின் நிழல் தெரிந்தது. போகவே இல்லை. எழுந்துபோய்ச் சட்டென்று திறந்தாள். அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ற இங்க?"

"ஒண்ணுமில்லடி. சுவத்துல தூசி."

கையில் துணிகூட இல்லை, வெறும் கையால் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வக்கீல் அந்தக் கையைப் பார்த்தாள். அவள் எழுதியது ஒரு புத்தகத்தைப் பற்றி. எழுதினபோது இந்த வீட்டில் யாரும் கதவுக்கு வெளியே நின்றதில்லை. அந்தக் கட்டுரைதான் அம்மாவைக் கொண்டுவந்து அங்கே நிறுத்தியிருந்தது. நாளைக்கு இதையே அந்த மனிதரிடம் சொன்னால், பார்த்தாயா என்பார்.

அதைவிடப் பெரிய அடி மறுநாள் விழுந்தது. அம்மாவுக்கு அப்போதுதான் பதவி உயர்வு வந்திருந்தது. இரவு ஷிஃப்டுக்கு சூப்பர்வைசர். ரத்தக்கறைத் துணியையும் சாதாரணத் துணியையும் பிரித்துப் போடுவதில் தொடங்கி, சூடான இஸ்திரி உருளைகளுக்கு நடுவே விரிப்பைக் கொடுத்துக் கை சுட்டுக்கொண்டு, இத்தனை வருஷம் நின்றே வேலை செய்தவளுக்கு உட்கார ஒரு நாற்காலி. யாருக்கு எந்த நாள் விடுப்பு என்று இனி அவள் சொல்வாள். செய்தி வந்த அன்று சமையலறையில் நின்று, பாத்திரங்களைப் பார்த்து, "நாளைக்கு லேட்டா வந்தா உள்ள விடமாட்டேன்" என்று அதிகாரம் பண்ணிப் பழகிக்கொண்டிருந்தாள். வக்கீல் அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்க, அம்மாவும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். வெள்ளிக்கிழமைக்குள் மேனேஜரிடம் சம்மதம் சொல்ல வேண்டும். இப்போது அம்மா அத்தையிடம், எனக்கு அந்த வேலை வேண்டாம், வெள்ளிக்கிழமை ஸ்கூலில் மறுபடி வரச்சொல்லியிருக்கிறார்கள், போய்விட்டு அப்படியே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தை கோபத்தை மறந்து, வேண்டாம் என்று கெஞ்சினாள். அம்மா கேட்கவில்லை.

வக்கீல் அப்பாவிடம் போனாள். அவர் சுலபமான வழி சொன்னார். "அந்த சார்கிட்ட ஆமான்னு சொல்லிட்டு வந்துடேன் வக்கீல். பெரிய மனுஷன், சந்தோஷப்பட்டுட்டுப் போறாரு." அதில்தான் சிக்கல். ஆமாம் என்றால் அம்மா வேலையை விடுவாள். இல்லை என்றாலும் விடுவாள். அப்பாவுக்கு அது புரிந்ததும் தலையைச் சொறிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆலோசகரின் அறையில் நாலு நாற்காலி போட்டிருந்தது. ஆலோசகர், டீச்சர், அம்மா, வக்கீல். வக்கீல் தயாராக வந்திருந்தாள். கட்டுரையைக் கேட்டு வாங்கினாள். ஆலோசகர் அதில் பென்சிலால் நிறைய இடங்களில் கோடு போட்டிருந்தார். எல்லாக் கோடும் அம்மா என்ற வார்த்தைக்குக் கீழே. கப்பலில் போன அப்பாவைப் பற்றி அவள் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள், அங்கே பென்சில் பட்ட அடையாளமே இல்லை. அதை எடுத்துக் காட்டினாள். படிக்கிறவர் எந்த வரியில் நிற்கிறார் என்பதை வைத்து அவருக்குள் என்ன ஓடுகிறது என்று சொல்லலாம் என்றால், இந்தக் கட்டுரையில் அம்மாவைத் தேடுவது யார் என்று கேட்டாள். நீங்கள் இல்லை என்று மறுத்தால் அதையும் நான் எழுதிக்கொள்ளலாமா என்றும் கேட்டாள். நல்ல வாதம். இரண்டு நாள் யோசித்துச் செதுக்கிய வாதம்.

உம்கொட்டி "ம்ம்ம்" என்றார். முகம் மலர்ந்துவிட்டது.

"ரொம்ப நல்லது. அம்மாமேல இருந்த கோபம் இப்ப என்மேல திரும்பியிருக்கு. இது நல்ல முன்னேற்றம்."

எழுதிக்கொண்டார். டீச்சரும் தலையாட்டினார். வக்கீல் கட்டுரையைத் திருப்பி மேசைமேல் வைத்தாள். இந்த ஆள் எதைப் போட்டாலும் விழுங்குகிறார், இவரிடம் ஜெயிக்க முடியாது என்று தெரிந்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதால் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருவாரே என்ற ஒரே காரணத்துக்காக அடக்கிக்கொண்டாள்.

அப்போது அம்மா பேசினாள். தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நான் அந்த நைட் வேலைய விட்டுடறேன் சார். இங்கேருந்து நேரா போய்ச் சொல்லிடறேன். இவ சரியானா போதும்."

ஆலோசகர் அது பெரிய மனசு என்றார். வக்கீல் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். குற்றவாளி தண்டனையை ஒப்புக்கொள்கிற முகம். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆமா," என்றாள். "எனக்கு அம்மாமேல கோபம்தான்."

அறையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆலோசகர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து, எப்போதிலிருந்து என்று மெல்லக் கேட்டார். வக்கீல் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அம்மாவைப் பார்த்தே சொன்னாள்.

"இப்பலேருந்து. நீ வேலைய விடறேன்னு சொன்ன பாரு, அந்த நிமிஷத்துலேருந்து. என்னை ஒரு வார்த்தை கேட்டியா நீ? ரெண்டு வயசுல வந்த காய்ச்சல் எனக்கு ஞாபகம்கூட இல்ல, அதுக்கு ஒரு வாரமா அழற. நான் எழுதினதை முழுசா படிச்சியா? அந்தப் புத்தகத்தையாவது தொட்டுப் பாத்தியா? பொறந்ததுலேருந்து என்னைப் பாக்கறவ நீ. ஒரு தடவை பாத்தவர் சொல்றதை நம்பி என் ரூம் வாசல்ல வந்து நிக்கற. எனக்கு எவ்வளவு அசிங்கமா இருந்துச்சு தெரியுமா?"

அம்மாவின் முகம் முதலில் வெளுத்தது. பிறகு சிவந்தது. ஒரு வாரமாகக் காணாமல் போயிருந்த அம்மா, அதாவது பாத்திரங்களை அதட்டிய அந்த அம்மா, மெதுவாகத் திரும்பி வருவதை வக்கீல் கண்ணால் பார்த்தாள்.

"நாலு பேர் முன்னாடி பெத்தவளை நிக்கவச்சுக் கேள்வி கேப்பியா நீ? யாருக்காகடி விடறேன்னு சொன்னேன்? எனக்கென்ன கிறுக்கா?"

"எனக்காக விடாத. எனக்காகன்னு நீ விட்டா, அதையும் நான்தான் காலத்துக்கும் சுமக்கணும். என்னால முடியாது."

"இப்ப இங்க என்ன நடக்குதுன்னா..." என்று ஆலோசகர் ஆரம்பித்தார்.

"கொஞ்சம் இருங்க தம்பி," என்றாள் அம்மா, அவர் பக்கம் பார்க்காமல். "நாங்க பேசிக்கிட்டிருக்கோம்."

பிறகு அவர்கள் பேசினார்கள். பேசினார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. படுக்கையில் போடும் ஈரத் துண்டு வந்தது, இரவல் வாங்கித் தொலைத்த கம்மல் வந்தது, அத்தையிடம் காட்டும் திமிர் வந்தது, வக்கீலைக் கேட்காமல் அவள் அலமாரியை அடுக்கி வைத்தது வந்தது. அம்மா ஒன்று சொன்னால் மகள் இரண்டு சொன்னாள். ஒருத்திகூட அழவில்லை. டீச்சர் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். ஆலோசகர் எங்கேயாவது ஒரு "ம்ம்ம்" நுழைக்க இடம் கிடைக்குமா என்று பார்த்தார், கிடைக்கவில்லை. வக்கீலுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. உள்ளுக்குள் ஏதோ ஒரு பெரிய பாரம் இறங்கிக்கொண்டிருந்தது.

ஒருவழியாக ஓய்ந்ததும் அம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். ஆலோசகர் தன் இடத்தைத் திரும்பப் பிடிக்கப் பார்த்தார். பருவம் முடியும்வரை பெண் வாரம் ஒரு முறை தன்னிடம் வரவேண்டும், வராவிட்டால் இந்தக் கட்டுரைக்கு மதிப்பெண் போடுவது கஷ்டம் என்றார். டீச்சர் தரையைப் பார்த்தார். இந்தக் கட்டுரை போனால் இலக்கியத்தில் வகுப்பின் முதலிடம் போய்விடும், அது வக்கீலுக்கும் தெரியும், அவள் அதற்கு ஆசைப்பட்டவள்தான்.

"வரமாட்டேன் சார்," என்றாள்.

அந்த மறுப்பைக் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்றார் அவர். குறித்துக்கொள்ளுங்கள் என்றாள். அம்மா மகளைத் திரும்பிப் பார்த்து, மார்க் போனால் பரவாயில்லையா என்று மட்டும் கேட்டாள். போகட்டும் என்றாள் வக்கீல். சரி, அப்படியானால் கிளம்பு என்றாள் அம்மா. கதவருகே போனபோது டீச்சர் பின்னாலேயே வந்து, கட்டுரையை வக்கீலின் கையில் கொடுத்து, நீ எழுதியதைப் பார்த்ததற்கு அப்புறம் நாவலை மறுபடியும் படித்தேன், அந்த அம்மா நிஜமாகவே எல்லா இடத்திலும் நடையில் நிற்கிறாள், எனக்கு அது தெரியவே இல்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று வக்கீல் நினைத்தாள். நன்றி மிஸ் என்று மட்டும் சொன்னாள்.

தாயும் மகளும் பேருந்து நிறுத்தத்துக்குக் கிளம்பினார்கள். அம்மா இரண்டு அடி முன்னால் நடந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் பேருந்து இந்தப் பக்கம், வீட்டுக்குப் போகும் பேருந்து எதிர்ப்பக்கம். வக்கீல் சாலையைக் கடக்காமல் நின்றாள், அம்மா எந்தப் பேருந்தில் ஏறுகிறாள் என்று பார்க்காமல் போக அவளுக்குக் கால் வரவில்லை. ஏறினாலும் அங்கே போய் என்ன சொல்லப்போகிறாள் என்று தெரியாது. கேட்கவும் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரிப் பேருந்து தூரத்தில் திரும்பியது. அம்மா சீருடையின் காலரை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"மேனேஜர் சீக்கிரம் கிளம்பிடுவாரு. திங்கக்கிழமையே சேந்துக்கறேன்னு அதுக்குள்ள போய்ச் சொல்லணும்," என்றாள். பிறகு மகளைப் பார்த்தாள். "இன்னும் கோபமாத்தான் இருக்கியா?"

"ஆமா."

போன வாரமாக இருந்தால் அந்த ஒரு வார்த்தைக்கு அம்மா உட்கார்ந்து அழுதிருப்பாள். இப்போது பேருந்து வந்து நின்றது, கூட்டத்தில் முண்டியடித்து ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"சரி, இருந்துக்கோ," என்றாள். "நான் வேலைக்குப் போயிட்டு வர்றேன்."